மூடிய துணிக்குள் திறந்த கண்

அத்தியாயம் 4

மெர்போக்கில் சுகுமாரனின் பட்டறைக்குள் நுழைந்ததும் எரிக் முதலில் செருப்பைக் கழற்றினான். அடுத்ததாக, வாசல் இருட்டில் நின்ற மூன்று தலைப் பூதத்துக்கு வணக்கம் வைத்தான். கோயில் கோபுரத்துக்குப் போகக் காத்திருந்த சிமெண்டுப் பூதம் அது. எரிக் அதைத்தான் வீட்டுக்காரர் என்று நினைத்துவிட்டான்.

"பதிலுக்கு வணக்கம் சொன்னாரா?" என்றார் குணவதி, திரும்பிப் பார்க்காமலே.

"இல்லக்கா. மூணு வாயும் மூடியிருக்கு. பெரிய இடம் போல."

குணவதி சுங்கைப் பட்டாணியில் டயர் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். அதற்கு முன்னால் ரொம்ப காலம் இன்சூரன்ஸ் வேலை. ஊரார் சொல்லும் பொய்களைக் கேட்டுக் கேட்டு முகம் ஒரே மாதிரி நின்றுவிட்டது. கல்யாண வீட்டிலும் அதே முகம்தான், எழவு வீட்டிலும் அதே முகம்தான். எரிக் அவருக்கு உதவியாளன், டிரைவர், சமயத்தில் தலைவலி. கூலிம் ஹைடெக் பூங்காவில் கணினிச் சிப்பு செய்யும் தொழிற்சாலையில் இருந்தவன். உள்ளே போனால் முகமூடி போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் வேலை பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டான்.

பட்டறையின் நடுவில் ஆளுயரப் படம் ஒன்று மஞ்சள் துணி போர்த்தி நின்றது. அதன் ஒரு பக்கம் ஓவியர் சுகுமாரன், கையைப் பிசைந்துகொண்டு. மறுபக்கம் இவர்களைக் கூப்பிட்டு அனுப்பிய நளினி, தூங்காத முகத்தோடு.

"காட்டுங்க," என்றார் குணவதி.

நளினி துணியை இழுத்தாள்.

படத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும். கணவன் மடியில் ஆர்மோனியம், மனைவி மடியில் காகிதமும் பேனாவும். கெடா மாநிலத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலிருந்து டவுன் மண்டபத்துக் கல்யாணம் வரைக்கும் போய்வந்த எந்தத் தமிழருக்கும் இவர்களைத் தெரியும். மெட்டு பரஞ்சோதியுடையது, பாட்டு வரிகள் தேவகியுடையவை. மேடையில் ஆடுகிற பிள்ளைகளுக்கு முகத்தில் மை தீட்டி, கண் எழுதி அனுப்புவதும் தேவகிதான். இவர்கள் பெற்ற ஒரே பிள்ளை நளினி. அவளுக்குப் பாடவும் வராது, எழுதவும் வராது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அப்பா அம்மாவைப் படமாக வரையச் சொல்லியிருந்தாள்.

படம் நன்றாகவே இருந்தது. சட்டை மடிப்பு சட்டை மடிப்பாக, சேலைக் கரை சேலைக் கரையாக இருந்தது. பரஞ்சோதியின் முகத்தில் மட்டும் கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. தேவகிக்கு அப்படி இல்லை. அவர் கண் இரண்டும் திறந்திருந்தன. திறந்து, ஓரமாகத் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. சும்மா ஒன்றும் பார்க்கவில்லை. எரிக்கை எந்தப் பெண்ணாவது அப்படிப் பார்த்திருந்தால் அவன் இந்நேரம் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பான்.

"நல்லாத்தானே இருக்கு," என்றான் எரிக். "யாரு செத்துப் போனாங்கன்னு எங்களைக் கூப்பிட்டீங்க?"

"நான் திறக்கல தம்பி," என்றார் சுகுமாரன். "அந்தக் கண்ணை நான் திறக்கல."

விஷயத்தை அவர் விளக்கினார். அவர் கோயில் சிலைக்கு வர்ணம் தீட்டுகிறவர். சிலையில் எல்லா வேலையும் முடிந்த பிறகு, நாள் பார்த்து, பூசை வைத்து, கடைசியில்தான் கண் திறப்பார். திறந்ததும் சாமியின் முதல் பார்வை மனுசன் மேல் விழக்கூடாது. அதற்காக எதிரில் ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்கள்.

"இவங்க மனுசங்கதானே அண்ணே?"

"எனக்கு ஒரே பழக்கம்தான் தெரியும்," என்றார் சுகுமாரன். "சாமின்னாலும் சரி, பரஞ்சோதின்னாலும் சரி, கண்ணு கடைசியிலதான். அதுவரைக்கும் வேலை முடிஞ்ச முகத்தைத் துணியால மூடிடுவேன். மூடினா திறக்கிற நாள் வரைக்கும் நானே பார்க்கமாட்டேன். இன்னைக்குத்தான் நாள் குறிச்சிருந்தேன். காலையில பூசை வச்சுத் துணியை எடுத்தா, இந்தம்மா முழிச்சுக்கிட்டு இருக்காங்க. எனக்கு உயிரே போயிடுச்சு."

"இனி அப்பாவோட கண்ணை இவர் திறக்கமாட்டேங்கிறார் கா," என்றாள் நளினி.

"எப்படிம்மா திறப்பேன்? யார் கை பட்டுச்சோ, என்ன நினைச்சுப் பட்டுச்சோ. கோபுர வேலை வேற நடக்குது. யார்னு தெரியாம நான் பிரஷ்ஷைத் தொடமாட்டேன்."

நளினி ஒரு பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்து மீதியைச் சொன்னாள். அப்பாவும் அம்மாவும் பேசி எட்டு மாதம் ஆகிறது. அம்மா தனி வீடு எடுத்துப் போய்விட்டார். படத்துக்குக்கூடச் சேர்ந்து உட்காரவில்லை. அப்பா ஒரு வாரம் முன்னால் வந்து உட்கார்ந்தார், அம்மா இந்தச் செவ்வாய்க்கிழமை. நாளைக்குச் சனிக்கிழமை, அவர்களுக்காகச் சுங்கைப் பட்டாணி மண்டபத்தில் பாராட்டு விழா. மேடையில் படத்தைத் திறக்கும்போது இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அம்மா ஈப்போவுக்கு மாமா வீட்டுக்குப் போறாங்க. பெட்டி கட்டியாச்சு. போனா திரும்ப மாட்டாங்க, எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு நாள்தான் கா எனக்கு இருக்கு. இந்தப் பார்வையைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? அப்பாதான் இங்க பூந்து, அம்மா அவரை ஏங்கிப் பார்க்கிற மாதிரி வரைஞ்சு ஊருக்குக் காட்டுறார்னு நினைப்பாங்க. மேடை ஏறவே மாட்டாங்க."

"அப்பா பண்ணியிருப்பாரா?"

நளினி துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். சுகுமாரன்தான் தயங்கிச் சொன்னார். "புதன்கிழமை நான் கோயில்ல இருந்தப்போ அவர் காடி வெளிய ரோட்டோரமா நின்னுச்சாம். பக்கத்து வீட்டு ராக்காயி பார்த்திருக்காங்க. பட்டறைக்குப் பூட்டு கிடையாதும்மா. பூதத்தை யார் தூக்கிட்டுப் போவாங்க?"

குணவதி படத்தின் கண்களை மட்டும் நெருக்கமாகக் கைப்பேசியில் படம் பிடித்தார். பிறகு பட்டறையைச் சுற்றி வந்தார். சுவரில் ஓர் ஆணியில் வட்டக் கண்ணாடி தொங்கியது. அதில் எரிக்கின் முகம் தெரிந்தது. அவன் மீசையைச் சரிசெய்துகொண்டான்.

"இதுதானா கண் திறக்கிற கண்ணாடி?"

"ஆமா. வேலை இல்லாத நாள்ல சுவத்தைப் பார்க்கத் திருப்பி வச்சிருவேன்."

"இப்போ நம்மளைப் பார்க்குதே?"

சுகுமாரன் தலையைச் சொறிந்தார். "திருப்பித்தான் வச்சேன். போன வாரத்துக்கு அப்புறம் தொடவே இல்லையே."

"வந்த ஆளு தலை சீவிட்டுப் போயிருப்பான்," என்றான் எரிக். "கெடாக்காரன்னா ஒரு ஒழுங்கு இருக்கும்லா."

அவன் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

*

பரஞ்சோதியின் ஒலிப்பதிவு அறை சுங்கைப் பட்டாணியில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. கதவைத் திறந்தால் மெட்டுக்கு முன்னால் கருவாட்டு வாசனைதான் வரும். பரஞ்சோதி பெரிய உடம்பு, சின்னக் குரல். இடது கண்ணின் வெள்ளையில் எள் அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம். பேசும்போது எரிக்கால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"புதன்கிழமை மெர்போக் போனீங்களா?" என்றார் குணவதி.

"போனேன்."

"படத்தைத் தொட்டீங்களா?"

"துணியைப் பிடிச்சேன். தூக்கல."

"அவ்வளவு தூரம் போயிட்டு, தூக்கலையா?"

பரஞ்சோதி ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கினார். காற்று இல்லாததால் சத்தம் வரவில்லை. "என்னத்தைப் பார்க்கச் சொல்றீங்க? அவ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. வீட்டுல பார்த்ததைப் படத்துல வேற பார்க்கணுமா? திரும்பி வந்துட்டேன்."

"சண்டை எதுக்கு வந்துச்சு அண்ணே?" என்றான் எரிக்.

"மேடையில நன்றி சொன்னேன். மைக்செட்காரருக்குச் சொன்னேன், சமையல்காரருக்குச் சொன்னேன், வண்டி பார்க் பண்ண இடம் காட்டின தம்பிக்குக்கூடச் சொன்னேன். அவளுக்குச் சொல்லலையாம்."

"ஏன் சொல்லல?"

"சொந்தப் பெஞ்சாதிக்கு யாராச்சும் நன்றி சொல்வாங்களா தம்பி? வெளியாளுக்குத்தானே நன்றி. என் கைக்கு நான் நன்றி சொல்லுவேனா?" உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் பார்க்கப் பாவமாக இருந்தது. "அவ கேட்டா, அப்போ நான் உங்களுக்கு என்ன, ஆர்மோனியமான்னு. நான் உடனே பதில் சொல்லியிருக்கணும். கொஞ்சம் யோசிச்சுட்டேன்."

யோசித்தது தப்புத்தான் என்று எரிக்குக்கே தெரிந்தது. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

குணவதி கைப்பேசியை நீட்டினார். அதில் இரண்டு கண்கள் மட்டும். எதைப் பார்க்கின்றன என்று தெரியாதபடி வெட்டி வைத்திருந்தார். பரஞ்சோதி வாங்கிப் பார்த்த வேகத்தில் முகம் சுளித்தார்.

"யார் வரைஞ்சது? தப்பா இருக்கு."

"என்ன தப்பு?"

"தேவகிக்கு இடது இமை லேசா இறங்கியிருக்கும். தூக்கம் வந்த மாதிரி. இதுல வலது இமையை இறக்கி வச்சிருக்கான். எந்த மடையன் வேலை இது? சுகுமாரன் நல்லா வரைவான்னு சொன்னாங்களே." கைப்பேசியைத் திருப்பித் தந்தார். "அவ முகத்தை இத்தனை வருஷமா எதிர்ல உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா?"

படி இறங்கும்போது எரிக் பெருமூச்சு விட்டான். "போச்சுக்கா. இருந்ததே ஒரு குற்றவாளி. அவரும் இல்லைன்னு ஆயிடுச்சு. இவர் வரைஞ்சிருந்தா இந்தத் தப்பு வராது."

"சுகுமாரனுக்கும் வராது. செவ்வாய்க்கிழமை அந்தம்மாவை எதிர்ல உட்கார வச்சுத்தானே வரைஞ்சார்."

"அப்போ எதிர்ல பார்க்காத ஆளு." எரிக் சட்டென்று நின்றான். "செல்ஃபி. சில போன்ல செல்ஃபி எடுத்தா இடம் வலம் மாறித்தான் விழும். அதைப் பார்த்து யாரோ வரைஞ்சிருக்காங்க. அம்மாவோட செல்ஃபி யார்கிட்ட இருக்கும்? மகள்கிட்ட. அக்கா, நளினிதான். சேர்த்து வைக்க ஆசைப்பட்டு அவங்களே வரைஞ்சுட்டு, நம்மளையே கூப்பிட்டு நாடகம் போடுறாங்க."

குணவதி உடனே நளினிக்குச் செய்தி அனுப்பி அம்மாவோடு எடுத்த செல்ஃபியைக் கேட்டார். படம் வந்தது. பின்னால் கடைப் பெயர்ப்பலகை ஒழுங்காகப் படிக்கும்படி இருந்தது. தேவகியின் இறங்கிய இமையும் இடது பக்கமே இருந்தது. நளினி கூடவே ஒரு வரியும் அனுப்பியிருந்தாள்: எனக்குக் கோழி வரைஞ்சாக்கூட ஆடு மாதிரிதான் வரும்.

"இவங்களும் இல்லை," என்றான் எரிக். "வாங்கக்கா, பசியாறுவோம். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

*

மூலைக் கடையில் எரிக் நாசி லெமாக் சோறும் மிளகாய்ச் சம்பலும் சாப்பிட்டான். சாப்பிட்டான் என்பதைவிட அதோடு மல்லுக்கட்டினான் என்று சொல்லலாம்.

"கன்னத்துல சம்பல்," என்றார் குணவதி.

அவன் வலது கன்னத்தைத் துடைத்தான்.

"அந்தப் பக்கம் இல்ல."

அவன் எழுந்து கைகழுவும் தொட்டிக்குப் போய், அதற்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்துத் துடைத்துவிட்டு வந்தான். "உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியுது, எனக்குக் கண்ணாடில இந்தப் பக்கம் தெரியுது. என் மூஞ்சி எனக்கே சூசாவா, பெரிய தொல்லையா இருக்கு. இவ்வளவு நாளா மாத்தித்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன் போல."

குணவதியின் தே தாரேக் டீ வாய்க்குப் பாதி வழியில் நின்றது. எரிக் அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த முகத்தில் ஒரு மாற்றத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடிக் குவளையை மெதுவாக வைத்துவிட்டுச் சுகுமாரனுக்குப் போன் போட்டார்.

"செவ்வாய்க்கிழமை அந்தம்மா உட்கார்ந்தப்போ நீங்க வெளிய போனீங்களா?"

ஒலிபெருக்கியில் சுகுமாரனின் குரல் வந்தது. "வேலையெல்லாம் முடிஞ்சது, கண்ணு மட்டும் பாக்கி. வெள்ளை தீர்ந்துடுச்சேன்னு பிடோங்குக்கு வாங்கப் போனேன். வந்து பார்த்தா அம்மாவே துணியைப் போட்டு மூடியிருந்தாங்க. உங்களுக்கு வேலை மிச்சம்னு சொன்னாங்க. மூடினதை நான் திறக்கமாட்டேனே."

"இதை ஏன் காலையில சொல்லல?"

"நீங்க கேட்கலையேம்மா."

குணவதி போனை வைத்தார். எரிக் சம்பலை மறந்துவிட்டான்.

"ஊர்ல எல்லாருக்கும் தேவகி முகம் ஒரே மாதிரிதான் தெரியும்," என்றார் அவர். "புருஷனுக்கு, மகளுக்கு, வரையிறவருக்கு, யாருக்கும் இந்தத் தப்பு வராது. இமை மாறித் தெரியிறது ஒரே ஒரு ஆளுக்குத்தான்."

"கண்ணாடியில பார்க்கிற ஆளுக்கு," என்றான் எரிக்.

"நீதான் சொன்னியே, வந்த ஆளு தலை சீவிட்டுப் போயிருக்கும்னு."

*

தேவகி வீட்டு ஹாலில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, குணவதி சொன்னதை முழுவதும் கேட்டார். மறுக்கவில்லை. இடது இமை லேசாக இறங்கியிருந்தது.

"மாத்திப் போட்டுட்டேனா?" என்றார்.

"ஆமாம்மா."

"ஆடுற பிள்ளைங்களுக்குக் கண்ணு எழுதினா ஒரு நாளும் தப்பினது இல்லை. எனக்குன்னு எழுதும்போது தப்பிடுச்சு பாருங்க." சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "சுகுமாரன் கடைக்குப் போனார். நானும் அந்தப் படமும்தான். துணியைத் தூக்கிப் பார்த்தா, எங்க வீட்டுக்காரர் சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. நான் இருந்தா இழுத்துவிட்டிருப்பேன். இவர் அதையும் அப்படியே வரைஞ்சு வச்சிருக்கார். எட்டு மாசம் கழிச்சு அவ்வளவு கிட்டத்துல உட்கார்ந்திருக்கேன், பார்க்கணும் போல இருந்துச்சு. படத்துல எனக்குக் கண்ணு இல்லை. அதான் போட்டுக்கிட்டேன்."

"நாளைக்கு எல்லாரும் பார்ப்பாங்களேம்மா," என்றான் எரிக். வழக்கமான வேடிக்கை எதையும் அதோடு சேர்க்கவில்லை.

"சுகுமாரன் திறந்ததும் அழிச்சிட்டுத் தன் இஷ்டத்துக்கு வரைஞ்சுக்குவார்னு நினைச்சேன். இப்படிப் பயப்படுவார்னு தெரியல." கட்டிவைத்த பெட்டிகளைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரருக்கு அதுல கண்ணு இல்லை, பார்த்தீங்களா? நான் பார்க்கிறது தெரியாதுன்னு ஒரு தைரியம்தான். அவர்கிட்டச் சொல்லிடாதீங்க. அவர் என்னைத் தேடல. நான் மட்டும் தேடினேன்னு அவருக்குத் தெரியவேண்டாம்."

"சொல்லமாட்டேன்," என்றார் குணவதி.

காடியில் ஏறியதும் எரிக் கேட்டான். "அவ்வளவுதானா கா? அந்த மனுசன் புதன்கிழமை துணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதை இந்தம்மாகிட்டச் சொல்லவேண்டாமா?"

"நம்மகிட்டச் சொல்றதை நாம கொண்டுபோய்க் கொடுக்கிறது இல்லை. தொழில் தர்மம்."

"அப்போ அந்தப் பிள்ளை நளினி?"

"பரஞ்சோதிக்குப் போன் போடு. சாயங்காலம் மெர்போக் வரச் சொல்லு. படத்துல ஒரு தப்பு இருக்குன்னு அவர்தானே சொன்னார். வந்து காட்டட்டும். அதுல எந்தத் தர்மமும் கெடாது."

*

சாயங்காலம் ஜெராய் மலைப்பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறையில் சுகுமாரன், நளினி, குணவதி, எரிக், பூதம் எல்லாரும் காத்திருந்தார்கள். பரஞ்சோதி வந்தார். தப்பைக் காட்டுகிறேன் என்று விரலை நீட்டிக்கொண்டே வந்தவர், முழுப் படத்தையும் பார்த்ததும் விரலை மடக்கிக்கொண்டார்.

எரிக் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அவனுக்கு அது லேசான காரியம் இல்லை.

பரஞ்சோதி அந்த இமையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி இமையைப் பார்த்தார். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் மேடைக்குப் பின்புறம் மனைவி கண்ணாடி முன் நின்று மை இடுவதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்தானே. அந்தக் கண்ணை எழுதியது யார் என்று புரிய அவருக்கு மூலைக் கடையும் சம்பலும் தேவைப்படவில்லை.

"யார்னு தெரிஞ்சதா?" என்று சுகுமாரன் குணவதியிடம் கேட்டார். "சொன்னாத்தான் நான் பிரஷ்ஷை எடுப்பேன்."

"நீ எடுக்கவேண்டாம்," என்றார் பரஞ்சோதி. "என்கிட்டக் கொடு. அந்தக் கண்ணாடியையும் எடு."

"அது சாமிக்கு வச்சிருக்கிறதுண்ணே."

"இருக்கட்டும். கொடு."

நளினி கண்ணாடியைப் பிடித்தாள். பரஞ்சோதிக்கு வரையத் தெரியாது. கறுப்பு இரண்டு தடவை வழிந்தது, சுகுமாரன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். முடித்தபோது படத்துப் பரஞ்சோதி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் மாறுகண்தான். ஆனாலும் யாரைப் பார்க்கிறார் என்பதில் சந்தேகம் இல்லை. கடைசியாகப் பிரஷ் நுனியால் கண் வெள்ளையில் எள் அளவுக்கு ஒரு மச்சம் வைத்தார்.

"அண்ணே, மச்சம் பக்கம் மாறிப்போச்சு," என்று சுகுமாரன் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "துடைச்சிடவா?"

"தொடாதே," என்றார் பரஞ்சோதி.

நளினியின் போன் அடித்தது. அம்மா. அவள் ஒலிபெருக்கியை அழுத்தினாள். கண்ணாடியைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"சுகுமாரன் எல்லாத்தையும் அழிச்சுட்டாரா?" என்றது தேவகியின் குரல்.

"இல்லம்மா. அப்பா வந்தார். அவர் கண்ணை அவரே போட்டுக்கிட்டார்."

பட்டறைக் கூரையில் மழை விழத் தொடங்கியது.

"மச்சம் எந்தப் பக்கம் வச்சிருக்கார்?"

நளினி படத்தைப் பார்த்தாள். "வலது கண்ணுலம்மா. தப்பா வச்சிட்டார்."

பரஞ்சோதி கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து கறுப்பு அவர் கால் விரலில் சொட்டியது, அவர் காலை நகர்த்தவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றார் தேவகி.

நளினி கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். எரிக்தான் குனிந்து போனுக்குள் நேரத்தைச் சொன்னான்.

"சரி. அந்தக் காலரை இழுத்துவிட்டுட்டு வரச் சொல்லு," என்றார் தேவகி. "மைக்கை மட்டும் அவர் கையில கொடுத்துடாதே."